வாயுவேகமும் வற்றிய எண்ணெயும்

மிகப் பெரிய வேகத்தைக் குறிக்க 'வாயுவேகம், மனோவேகம்' என்று கூறுவது தமிழ் வழக்கு. புராணக் கதையிலே தேரும் புரவியும் அவ்வேகத்தில் விரைந்தன என்று சொன்னால், அது மணிக்கு எத்தனை மைல் என்று கேட்போர் இலர். இருபதாம் நூற்றாண்டோ எதையும் எண்ணால் அளக்க முற்பட்டது. எண் ஒன்று கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்தது என்று மக்கள் மனநிறைவு கொண்டனர். ஆனால் எண்ணும் கதை சொல்ல வல்லது. சில வேளைகளிற் பொய்க்கதையும் சொல்லும். இரண்டாம் உலகப் பெரும்போரின் இறுதிக் காலத்தில் ஜேர்மனி ஆக்கிய போர்விமானங்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆம் நாள், தென் ஜேர்மனியிலுள்ள அவுக்ஸ்பேர்க் நகரின் அருகே ஃபிரிட்ஸ் வெண்டெல் என்னும் விமானி, நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து, மணிக்கு 755 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். உலகில் எந்த விமானமும் அதுவரை அவ்வேகத்திற் பறந்ததில்லை. அதற்கு முந்திய மாதத்திலேதான் ஹைங்கல் நிறுவனத்தின் விமானமொன்று 746 கிலோமீற்றரை எட்டிப் புகழ்பெற்றிருந்தது. அப்புகழை மெஸர்ஷ்மிட் நிறுவனம் நான்கு வாரங்களுக்குள் பறித்துக்கொண்டது. வெண்டெல் நாட்டிய சாதனையை, முசல எஞ்சின் பூட்டிய வேறெந்த விமானமும் 1969ஆம் ஆண்டுவரை முறியடிக்கவில்லை.

சாதனை மெய்யே. ஆனால் அதைச் சூழ்ந்து எழுந்த அறிவிப்பு மெய்யன்று. வெண்டெல் ஓட்டிய விமானம் 'மெஸர்ஷ்மிட் 109 ஆர்' என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஜேர்மன் விமானப்படை நூற்றுக்கணக்கில் வைத்திருந்த 109 ரகப் போர்விமானத்தின் உடன்பிறப்பே இது என்று பிற நாட்டார் எண்ணி அஞ்ச வேண்டும் என்பதே அப்பெயரின் நோக்கம். உண்மையில் அது 209 என்னும் முற்றிலும் வேறானதொரு விமானம், பந்தயத்துக்கென்றே ஆக்கப்பட்டது. அதிலே துப்பாக்கி இல்லை. எஞ்சின் ஏறத்தாழ 2,300 குதிரைவலுவைத் தந்தது; ஆயின் சில நிமிடங்களுக்கு மட்டுமே. காற்றின் தடையைக் குறைப்பதற்காக, எஞ்சினைக் குளிர்விக்கும் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிராதவாறு அமைக்கப்பட்டிருந்தது. கொதித்தெழும் நீராவி சிறகுகளினூடே சென்று குளிர்ந்தது. அதில் ஒரு பகுதி வெளியேறிற்று. கொண்டு சென்ற நீர் தீர்ந்ததும் பறப்பும் முடிந்தாக வேண்டும். அவ்விமானத்தைக் கொண்டு போர் புரிதல் இயலாது. மறு ஆண்டில் பிரித்தானியாவின்மீது போருக்குச் சென்ற மெய்யான 109, ஏறத்தாழ 1,100 குதிரைவலுவுடன் மணிக்கு 570 கிலோமீற்றர் அளவிலேயே பறந்தது.

ஆகவே, 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் விமானங்கள் எத்துணை வேகமாகப் பறந்தன என்று ஆராய்வோர், எண்ணோடு வேறு சில வினாக்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். எந்த உயரத்தில்? எத்தனை நிமிடங்களுக்கு? எந்த எரிபொருளைக் கொண்டு? எவர் கையால்?

முதலில் வேகத்தின் இயல்பை நோக்குவோம். விமானம் விரையுந்தோறும் காற்று அதனை எதிர்க்கின்றது. வேகத்தை இருமடங்காக்க விரும்பினால் எஞ்சினின் வலுவை இருமடங்காக்கினாற் போதாது. எட்டு மடங்காக்க வேண்டும். மறுபுறம், வலுவை இருமடங்காக்கினால் வேகம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே கூடும். பறவை தாழ்வாரத்தில் ஏறுவதுபோல ஏறுவதன்று இது. செங்குத்துப் பாறையில் ஏறுவது போன்றது. ஒவ்வோர் அடிக்கும் முந்திய அடியினும் பன்மடங்கு முயற்சி வேண்டும்.

இத்தடையிலிருந்து தப்ப ஒரு வழி உயரச் செல்வது. 7,500 மீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. தடையும் அதற்கேற்பக் குறையும். ஆனால் விமானத்தின் உடலுக்கு நன்மை செய்யும் அதே மெல்லிய காற்று எஞ்சினுக்குத் தீமை செய்கிறது. காற்றின்றி எரிபொருள் எரியாது; உயரச் செல்லச் செல்ல எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். எனவே, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும் சுழற்காற்றமுக்கி ஒன்றைப் பொருத்தினர். டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினில் இக்கருவி எண்ணெய் இணைப்பொன்றினால் இயக்கப்பட்டது. விமானம் உயர உயர அதன் சுழற்சி தானாகவே கூடியது. எவ்வளவு சிறந்த கருவியாயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லை உயரத்திலேதான் ஒவ்வொரு விமானமும் தன் உச்ச வேகத்தை எட்டும். அதற்கு மேலும் கீழும் வேகம் குறையும். நூல்களில் அச்சிடப்படும் 'உச்ச வேகம்' அந்த ஒரேயோர் உயரத்துக்கு உரியது.

இங்கேதான் ஜேர்மனியின் முதல் இடர் தோன்றுகிறது. பிரித்தானியரின் மேர்லின் எஞ்சின் 27 லீற்றர் கொள்ளளவுடையது, ஜேர்மனியின் டி.பி. 605 எஞ்சினோ ஏறத்தாழ 36 லீற்றர். எனினும் இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் வலுவையே தந்தன. காரணம் எரிபொருள். பிரித்தானியரும் அமெரிக்கரும் 100 ஒக்டேன் தரத்துக்கும் மேற்பட்ட பெற்றோலைத் தாராளமாகப் பயன்படுத்தினர். அத்தகைய பெற்றோலைக் காற்றோடு மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தலாம். உரிய வேளைக்கு முன் அது வெடித்து எஞ்சினைச் சிதைப்பதில்லை. ஜேர்மனியரிடம் பெரும்பாலும் இருந்ததோ 87 ஒக்டேன் தரத்து எரிபொருள். உயர்தர எரிபொருளும் அவர்களிடம் இருந்தது. ஆனால் அது வேண்டிய அளவு இருக்கவில்லை.

குறையுள்ளவன் உபாயம் தேடுவான். ஜேர்மன் பொறியியலாளர் கண்ட உபாயம் தண்ணீர். நீரையும் மெதனோல் என்னும் சாராயத்தையும் ஏறத்தாழச் சமபங்காகக் கலந்து, எஞ்சினுக்குட் செல்லும் காற்றில் தெளித்தனர். அது ஆவியாகும்போது காற்றைக் குளிர்வித்தது. எரிபொருள் முன்கூட்டி வெடிப்பதைத் தடுத்தது. எனவே எஞ்சினை மேலும் அழுத்தி ஓட்ட முடிந்தது. 'எம்.டபிள்யூ. 50' என்பது இதன் பெயர். சில நூறு குதிரைவலு உடனே மேலதிகமாகக் கிடைத்தது. ஆயினும் ஒரு முறைக்கு 10 நிமிடங்களுக்கு மேல் இதைப் பயன்படுத்தலாகாது என்பது விதி. மிக உயரத்தில் இதனாற் பயன் இல்லை. அங்கே 'ஜீ.எம். 1' என்ற வேறொரு முறை கையாளப்பட்டது. பல் வைத்தியர்கள் நோவைத் தணிக்கப் பயன்படுத்திய நைத்திரசு ஒட்சைட்டு வாயுவே அதன் அடிப்படை. அது எஞ்சினுள் பிரிந்து ஒட்சிசனைத் தந்தது. மூச்சுத் திணறிய எஞ்சின் மீண்டும் உயிர்பெற்றது.

இவ்வுபாயங்களின் பயனாக 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்று குறிப்பிடத்தக்க விமானங்கள் தோன்றின.

முதலாவது 109இன் இறுதி வடிவமான கே-4. 1944 ஒக்டோபர் மாதமளவில் இது படைக்கு வந்தது. வில்லி மெஸர்ஷ்மிட் 1930களின் நடுவில் வகுத்த அதே சிறிய உடலில், இப்போது 1,850 குதிரைவலு எஞ்சின் அமர்ந்திருந்தது. வால் சக்கரம் உள்ளே மடக்கப்பட்டது. முந்திய ரகங்களில் தடித்திருந்த புடைப்புகள் சீராக்கப்பட்டன. 7,500 மீற்றர் உயரத்தில் இதன் வேகம் ஏறத்தாழ 710 கிலோமீற்றர். கடல் மட்டத்திலோ ஏறத்தாழ 600 கிலோமீற்றரே. நான்காண்டுகளில் 570இலிருந்து 710க்கு ஏறியது சிறு செயலன்று. ஆனால் அவ்வேகத்தில் கைப்பிடி கல்லைப்போலக் கனத்தது. விமானத்தை வேண்டியவாறு திருப்ப விமானியின் தோள்வலிமை போதவில்லை.

இரண்டாவது ஃபோக்க வுல்ஃப் 190 டி-9. இதனை வகுத்தவர் குர்ட் டாங்க். இவர் வெறும் வரைபடக்காரர் அல்லர். தாம் வகுத்த விமானங்களைத் தாமே ஓட்டிப் பார்க்கும் விமானி. முன்னைய 190 விமானம் 6,000 மீற்றருக்கு மேல் சோர்ந்துவிடும். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களோ அதற்கு மேலேதான் வந்தன. எனவே குண்டுவீச்சு விமானங்களுக்கு உரியதாக இருந்த யூமோ 213 எஞ்சினை டாங்க் தம் விமானத்திற் பொருத்தினார். மூக்கு நீண்டது, அதற்கு ஈடாக வாற்பகுதியும் அரை மீற்றர் நீட்டப்பட்டது. விமானிகள் முதலில் இதனை நம்பவில்லை. இஃது இடைக்கால ஏற்பாடே என்று டாங்க் அவர்களிடம் ஒப்புக்கொண்டார். பறந்து பார்த்தபின் அவர்களது எண்ணம் மாறியது. 6,600 மீற்றர் உயரத்தில் 685 முதல் 700 கிலோமீற்றர் வரை அது சென்றது.

மூன்றாவது, டாங்க் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டிய டா 152 எச். முந்திய 190இன் சிறகுகள் முனைக்கு முனை பத்தரை மீற்றர். இதன் சிறகுகள் பதினான்கு மீற்றருக்கும் மேல். விமானியின் அறை காற்றழுத்தம் உடையது. 12,500 மீற்றர் உயரத்தில், வாயு ஊட்டத்துடன், ஏறத்தாழ 750 கிலோமீற்றர் வேகத்தை எட்ட வல்லது. பந்தய விமானம் ஒன்று ஆறாண்டுகளுக்கு முன் சில நிமிடங்களுக்கு எட்டிய வேகத்தை, துப்பாக்கி தாங்கிய போர்விமானம் ஒன்று இப்போது எட்டிவிட்டது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் டாங்க் இவ்விமானம் ஒன்றிற் பயணஞ் செய்தபோது நான்கு அமெரிக்க மஸ்டாங் விமானங்கள் துரத்தின என்றும், நீர்க்கலவையைத் திறந்துவிட்டதும் அவை பின்னே புள்ளிகளாகி மறைந்தன என்றும் அவரே பிற்காலத்திற் கூறினார்.

இவற்றோடு டோர்னியர் 335 என்ற விந்தை விமானத்தையும் குறிப்பிடலாம். மூக்கில் ஓர் எஞ்சின், வாலில் ஓர் எஞ்சின். ஒன்று இழுக்க மற்றது தள்ளியது. ஏறத்தாழ 760 கிலோமீற்றர் வேகம் இதற்குக் கூறப்படுகிறது. சில பத்து விமானங்களே முற்றுப்பெற்ற நிலையில் போர் முடிந்துவிட்டது.

இவ்வெண்களை மட்டும் கேட்போர், 'இத்தகைய விமானங்களை வைத்திருந்தோர் எவ்வாறு வானத்தை இழந்தனர்?' என்று வியத்தல் இயல்பு. எதிர்த்தரப்பின் எண்களையும் அருகே வைத்தால் வியப்பிற் பாதி தீரும். அமெரிக்க மஸ்டாங்கின் டி ரகம் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகமுடையது. பிரித்தானியரின் பதினான்காம் ரக ஸ்பிற்பயர் 720 கிலோமீற்றர். ஆகவே வேகத்தில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமே. இன்ன உயரத்தில் இவன் முந்துவான், வேறோர் உயரத்தில் அவன் முந்துவான் என்ற அளவே வேற்றுமை. மேலும் மஸ்டாங் அவ்வேகத்தோடு இங்கிலாந்திலிருந்து பேர்லின்வரை சென்று மீண்டது.

மற்றைப் பாதி வியப்பு தீர்வதற்கு, விமானத்தை விட்டு எண்ணெய்க் குதத்தை நோக்குதல் வேண்டும். ஜேர்மனியில் மண்ணெண்ணெய்க் கிணறுகள் மிகச் சிலவே. ருமேனியாவிலிருந்து எண்ணெய் வந்தது. எஞ்சியதை நிலக்கரியிலிருந்து ஆக்கினர். ஃபிரீட்ரிக் பேர்கியஸ் என்னும் விஞ்ஞானி கண்ட இம்முறைக்காக அவருக்கும் கார்ல் பொஷுக்கும் 1931ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. விமான எரிபொருளின் பெரும் பகுதி இவ்வாறான ஆலைகளிலிருந்தே கிடைத்தது. 1944 மே மாதம் 12ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் லொய்னா முதலான அவ்வாலைகளைத் தாக்கின. பின்னரும் ஓயாது தாக்கின. போருக்குப்பின் அமெரிக்கர் நடத்திய ஆய்வின்படி, அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இவ்வாலைகள் தந்த விமானப் பெற்றோல் 1,75,000 தொன். யூலையில் 30,000 தொன். செப்டெம்பரில் 5,000 தொன். ஓகஸ்ட் மாதத்தில் ருமேனியாவும் கைநழுவியது.

கே-4 விமானம் படைக்கு வந்தது ஒக்டோபரில் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். எண்ணெய் வற்றிய பின்னரே வேகம் வந்து சேர்ந்தது! ஓடுபாதைக்குச் செல்லும் சிறு தூரத்துக்கும் எரிபொருளைச் செலவிட மனமின்றி, விமானங்களை எருதுகளையும் குதிரைகளையும் பூட்டி இழுத்தனர். மணிக்கு 700 கிலோமீற்றர் செல்ல வல்ல யந்திரம் எருதின் நடைக்கு நடந்தது. வாயுவேகம் மாட்டு வண்டியின் வேகமாயிற்று.

எண்ணெய்ப் பஞ்சம் மற்றொரு பஞ்சத்தையும் ஈன்றது. பயிற்சிக்குப் பெற்றோல் இல்லை. ஆதலால் பயிற்சி மணித்தியாலங்கள் குறைக்கப்பட்டன. எதிர்த்தரப்பு இளைஞர் பெற்ற பறத்தற் பயிற்சியிற் பாதியையேனும் பெறாத இளைஞர், நாட்டின் மிக வேகமான விமானங்களில் ஏற்றப்பட்டனர். 2,000 குதிரைவலு விமானம் அனுபவசாலிக்கு ஆயுதம். புதியவனுக்கோ அது மேலெழும்போதும் தரையிறங்கும்போதுமே யமனாக நின்றது. 1945ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாட்காலையில், பெல்ஜியம், ஒல்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளிலிருந்த எதிரி விமானத் தளங்களை நூற்றுக்கணக்கான ஜேர்மன் விமானங்கள் ஒருங்கே தாக்கின. எதிரி இழந்த விமானங்கள் சில வாரங்களில் ஈடுசெய்யப்பட்டன. ஜேர்மனியோ அந்த ஒரே காலையில் 200க்கு மேற்பட்ட விமானிகளை இழந்தது. மாண்டோரும் சிறைப்பட்டோருமாகிய அவர்களுக்கு ஈடு இல்லை.

டா 152இன் கதி இன்னும் இரங்கத்தக்கது. 1945 சனவரியிற் படைக்கு வந்த அதன் எண்ணிக்கை எழுபதைத் தாண்டவில்லை. பன்னிரண்டாயிரம் மீற்றருக்கு மேலே போர் புரியவென நீண்ட சிறகுகள் பெற்ற அவ்விமானம், ஏப்ரல் 14ஆம் நாள் லுட்விக்ஸ்லுஸ்ட் என்னும் ஊரருகே பிரித்தானிய டெம்பெஸ்ட் விமானங்களோடு பொருதியது. அப்போர் நடந்தது மரவுச்சிகளின் உயரத்தில். உயரச் செல்ல வகுத்தவரின் கணக்கு ஒருபுறம். தாழப் பறக்கப் பணித்த போர்க்களத்தின் கணக்கு மறுபுறம்.

இவ்வளவும் கூறியபின், இவ்விமானங்களை ஆக்கிய கைகளைக் கூறாது விடுவது நேர்மையன்று. 1944ஆம் ஆண்டில் ஜேர்மனி எல்லா ரகத்திலுமாக ஏறத்தாழ 40,000 விமானங்களை ஆக்கியது. குண்டுமழையின் நடுவே அதுவே அந்நாட்டின் மிகக் கூடிய ஆக்கம். இதனை நிருவாகத் திறன் என்று புகழ்ந்தோர் உளர். ஆனால் அத்திறனின் அடியில் அடிமைத்தனம் இருந்தது. ஃபுளொசன்பேர்க் தடுப்பு முகாமிலும் கூசன் முகாமிலும் ஆயிரக்கணக்கான கைதிகள் மெஸர்ஷ்மிட் விமானங்களின் உறுப்புகளை ஆக்குமாறு வற்புறுத்தப்பட்டனர். ஃபுளொசன்பேர்க்கிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைபட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் 30,000 பேராவது மாண்டனர். பசியால் நடுங்கும் கை பொருத்திய தகடு வழுவழுப்பாகப் பொருந்துமென எதிர்பார்க்கலாமா? தகடு சற்றுப் பிசகினாலும் காற்று அங்கே தடைப்படும், வேகம் குறையும். புத்தகத்திலுள்ள உச்ச வேகம் நன்கு ஆக்கிய விமானத்துக்கு உரியது. படைக்கு வந்த ஒவ்வொரு விமானமும் அதனை எட்டியது என்று கொள்வதற்கில்லை.

முசல எஞ்சினின் காலமும் அப்போது முடிந்துகொண்டிருந்தது. விமானம் 750 கிலோமீற்றரை அணுகும்போது, சுழல்விசிறியின் முனைகள் ஒலியின் வேகத்தை நெருங்கும். அந்நிலையில் விசிறி காற்றைப் பற்றும் ஆற்றல் குன்றும். எஞ்சின் எவ்வளவு வலுவைத் தந்தாலும் வீணாகும். இந்தச் சுவரைக் கடக்க விசிறியையே கைவிட வேண்டியிருந்தது. 1939இல் சாதனை நாட்டிய அதே வெண்டெல்தான், 1942 யூலை 18ஆம் நாள், மெஸர்ஷ்மிட் 262 என்ற விமானத்தைத் தாரை எஞ்சின்களால் மட்டும் முதன்முதற் பறக்கவிட்டவர். அதன் வேகம் ஏறத்தாழ 870 கிலோமீற்றர். பல்லாண்டு உழைத்துச் சிறிது சிறிதாக ஏறிய படிகளை, புதிய எஞ்சின் ஒரே பாய்ச்சலில் தாண்டியது. அதற்கும் எரிபொருளும் பயின்ற விமானியும் தேவைப்பட்டமையால், அதுவும் போரின் முடிவை மாற்றவில்லை.

போருக்குப்பின் குர்ட் டாங்க் ஆர்ஜென்டீனாவுக்குச் சென்றார். பின்னர் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரில் அவர் தலைமையில் வகுக்கப்பட்ட 'மாருத்' விமானம் 1961 யூன் மாதத்தில் முதன்முறை பறந்தது. அதற்குத் தாரை எஞ்சின்களே பூட்டப்பட்டிருந்தன. மாருதம் என்றாற் காற்று. வாயுவேகம் என்ற பழைய வழக்கு இவ்வாறு ஒரு விமானத்தின் பெயராகவே அமைந்தது. அவரது டா 152இல் ஒன்றும் டோர்னியர் 335இல் ஒன்றும் மட்டும் எஞ்சி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையின் உடைமைகளாக உள்ளன.

அவற்றைக் காண்போர் அருகிலுள்ள பலகையில் ஒரு வேகத்தின் எண்ணைத் தேடுவர். அந்த எண் பொய்யன்று. ஆயினும் அது முழு மெய்யும் அன்று. ஒரு குறித்த உயரம், ஒரு குறித்த எரிபொருள், சில நிமிடங்கள், பயின்ற ஒரு கை, செம்மையாக ஆக்கிய ஓர் உடல் என்னும் ஐந்தும் ஒன்றுகூடிய வேளையில் மட்டுமே அந்த எண் உயிர்பெற்றது. போரின் இறுதி ஆண்டில் அவை ஒன்றுகூடிய நாட்கள் மிகச் சில. அறிவுடைய பொறியியலாளர் வேகத்தை ஆக்கித் தந்தனர்; அவர்களை ஆண்ட அரசோ, அவ்வேகம் தங்குவதற்குரிய அடிப்படைகள் யாவற்றையும் தான் தொடுத்த போரினாலேயே அழித்துக்கொண்டது.